ஜன்னலுக்கு முதுகைக் காட்டுங்கள்!

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். வயது அறுபத்தைந்து. பன்னிரண்டே நாளில் ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டும் கோஷ்டி ஒன்றில் மகன் பணம் கட்டி, மாமியையும் மாமாவையும் சேர்த்துவிட்டான். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று ஊர் ஊராகப் போய்விட்டு, ஒரு மூட்டைச் சாக்லேட்டுடன் திரும்பி வந்தார்கள். விசாரிக்கப் போயிருந்தேன். தட்டை, காபி எல்லாம் ஆயிற்று. மாமா வாசல் பக்கம் போன சமயம் பார்த்து மாமி குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நீ பத்திரிகையிலே இருக்கே, உனக்குத் தெரியாதது இருக்காது. ஆம்ஸ்டர்டாமிலே ஒரு பழைய சர்ச் இருக்குன்னா, பார்த்துட்டு வரலாம்னு நாங்க நாலு பேர் கிளம்பினோம். சர்ச்சைச் சுத்தி வந்தா ஒரே ஜன்னலா இருக்கு. மேலே சிவப்பா விளக்கு. துணிக்கடை பொம்மையாக்கும்னு நினைச்சு நான் போனைத் தூக்கிப் படம் எடுத்தேன். பொம்மை எழுந்து வந்து கண்ணாடியை டமடமன்னு தட்டித்து! உடம்பெல்லாம் வெலவெலத்துப் போச்சு. பக்கத்திலேயே போலீஸ்காரன் நிக்கறான். அவளை ஒரு வார்த்தை சொல்லலை. என்னைப் பார்த்துன்னா விரலை ஆட்டறான்! இதென்ன நியாயம், சொல்லு?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது, மாமி கேட்டது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல என்று தோன்றிற்று. இந்தக் காலத்தில் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் என்று கடல் கடந்து போகிற தாய்மார்கள் நம்மில் எத்தனையோ பேர். தனியாகப் படிக்கப் போகிற பெண்களும் பிள்ளைகளும் அதைவிட அதிகம். "அந்த மாதிரி" இடத்துக்கு நாம் ஏன் போகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். மாமியும் போகவில்லையே! சர்ச்சுக்குத்தானே போனார்?

மாமி போன பேட்டைக்கு டி வாலென் என்று பெயர். ஆம்ஸ்டர்டாம் நகரின் மிகப் பழைய பகுதி. நடுவில் நிற்கும் மாதா கோயிலுக்கு 'ஔடெ கெர்க்', அதாவது 'பழைய கோயில்' என்றே பெயர். 1306-ஆம் வருஷம் பிரதிஷ்டையானது. கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலஸுக்கு அர்ப்பணித்த ஆலயம். ஓவிய மேதை ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியா அங்கேதான் அடக்கமாகியிருக்கிறாள். துறைமுகம் பக்கத்திலேயே இருந்தது. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் கரை இறங்கியதும் எதைத் தேடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்க் கோயில் வாசலில் பூக்கடையும் தேங்காய்க்கடையும் முளைப்பது போல, அந்தக் கோயிலைச் சுற்றி அந்தத் தொழில் முளைத்துவிட்டது. இன்றும் கோயில் சுவருக்கு எதிரே, பத்தடி தூரத்தில் அந்த ஜன்னல்கள்.

போலீஸ்காரர் மாமியைப் பார்த்து விரலை ஆட்டினாரே, அவர் செய்தது சரிதான். ஹாலந்து தேசத்துச் சட்டப்படி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் குற்றவாளி அல்ல. 2000-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து அது அங்கே அனுமதி பெற்ற தொழில். ஜன்னலுக்கு அவள் வாடகை கொடுக்கிறாள். வருமானத்துக்கு வரி கட்டுகிறாள். தையல்காரரும் முடி திருத்துபவரும் பதிவு செய்துகொள்வது போல வர்த்தக சபையில் பெயரைப் பதிந்துகொள்கிறாள். ஆனால் தன்னைப் படம் பிடிக்க யாருக்கும் அவள் அனுமதி கொடுக்கவில்லை.

இந்தப் படம் பிடிக்கிற விஷயம் நமக்குச் சாதாரணமாகப் படும். அவர்களுக்கு அப்படி அல்ல. அங்கே இருக்கும் பெண்களில் ஏராளமானவர்கள் ருமேனியா, ஹங்கேரி, பல்கேரியா முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரில் தாயார் இருப்பாள், குழந்தை இருக்கும். பெண் என்ன வேலை செய்து பணம் அனுப்புகிறாள் என்பது வீட்டுக்குத் தெரியாது. ஒரே ஒரு படம் இன்டர்நெட்டில் ஏறிவிட்டால் போதும், அத்தனை வருஷம் கட்டிக் காத்த ரகசியம் ஒரு மணி நேரத்தில் கிராமத்துக் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் ஜன்னல்களில் காமிராவின் மேல் கோடு போட்ட சின்னத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். படம் எடுத்தவர்கள் மேல் தண்ணீரைக் கொட்டுவதும், போனைப் பிடுங்கப் பாய்வதும் அந்தத் தெருவில் புதிதல்ல. மாமிக்குக் கண்ணாடி தட்டலோடு போயிற்று!

ஆனால் 2000-க்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? அதுதான் வேடிக்கை. 1911-இல் போட்ட சட்டம் ஒன்று, விடுதி நடத்துவதைக் குற்றம் என்று சொல்லிற்று. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, எண்பத்தொன்பது வருஷம் அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. அந்த எண்பத்தொன்பது வருஷத்திலும் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது! போலீஸுக்குத் தெரியும், மேயருக்குத் தெரியும், பாதிரியாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் திரையை முக்கால்வாசி மூடிக்கொண்டு, இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் கட்டுப்பாடு.

டச்சுக்காரர்கள் இதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். 'கெடோகன்' என்று சொல்வார்கள். (அந்த 'கெ'யைத் தொண்டையைக் காறிக்கொண்டு உச்சரிக்க வேண்டும், என்னால் முடியவில்லை.) இங்கிலீஷ்காரர்கள் இதைத் தங்கள் பாஷையில் சொல்லத் திண்டாடுகிறார்கள். நமக்குக் கஷ்டமே இல்லை. 'கண்டும் காணாமல் இருப்பது' என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அதேதான். வித்தியாசம் என்னவென்றால், நம் வீட்டில் அது பாட்டியின் சாமர்த்தியம். அங்கே அது சர்க்காரின் கொள்கை. எதை எதைக் காணாமல் இருப்பது, எந்த அளவு வரை காணாமல் இருப்பது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

கஞ்சா விஷயத்தைப் பாருங்கள். 1976-இல் அவர்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கஞ்சா அன்றும் சட்ட விரோதம்தான், இன்றும் சட்ட விரோதம்தான். ஆனால் 'காபி ஷாப்' என்று பலகை மாட்டிய கடைகளில், பதினெட்டு வயது நிரம்பியவருக்கு ஐந்து கிராம் வரை விற்றால் வழக்குப் போடுவதில்லை. சரி, கடைக்காரருக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? பயிரிடுவது குற்றம். மொத்தமாக வாங்குவது குற்றம். ஆக, கடையின் முன்வாசலில் வியாபாரம், பின்வாசலில் குற்றம்! இந்த விசித்திரத்தைத் தீர்க்கச் சில ஊர்களில் மட்டும் பரீட்சார்த்தமாகச் சட்டப்படி பயிரிட அனுமதித்தார்கள்.

வெளியூர்ப் பிரயாணி இதையெல்லாம் பார்த்து என்ன நினைக்கிறான்? "இந்த ஊரில் சட்டமே கிடையாது, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று நினைத்துக்கொள்கிறான். அங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறான். 2014-இல் நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. தெருவில் நின்ற ஓர் ஆசாமி, கொக்கெய்ன் என்று சொல்லி வெள்ளை ஹெராயினை விற்றுவிட்டான். அதை வாங்கிய பிரிட்டிஷ் வாலிபர்கள் சிலர் ஹோட்டல் அறையிலேயே இறந்து கிடந்தார்கள். நகராட்சி தெருவெங்கும் பெரிய பெரிய எச்சரிக்கைப் பலகைகளை நிறுத்திற்று. அந்தப் பலகையில் இன்னொரு வரியும் இருந்தது. போதை மருந்து உபயோகித்ததற்காக உங்களைக் கைது செய்யமாட்டோம், உதவிக்குக் கூப்பிடுங்கள் என்ற பொருளில்! சட்டம் தன் புத்தகத்தைத் தானே மூடி வைத்துவிட்டு உயிரைப் பார்த்த சந்தர்ப்பம் அது. எனக்கு அந்தப் பலகையின் மேல் மரியாதை உண்டு.

அதே நகரம் 2023-இல் அந்தப் பேட்டைத் தெருக்களில் கஞ்சா புகைத்தால் நூறு யூரோ அபராதம் என்று போட்டது. 'ஆடிக் கூத்தடிக்க வருவதானால் வராதீர்கள்' என்று பிரிட்டிஷ் வாலிபர்களுக்கென்றே தனி விளம்பரமும் செய்தது. கடைக்குள் இருந்து புகைத்தால் கண்டுகொள்ளாதவர்கள், வாசற்படி தாண்டிப் புகைத்தால் ரசீதுப் புத்தகத்தை எடுக்கிறார்கள். பீர் குடிப்பதும் அப்படித்தான். கடை வாசல் மேஜையில் உட்கார்ந்து குடித்தால் விருந்தாளி. நாலடி தள்ளித் தெருவில் நின்று குடித்தால் குற்றவாளி.

சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னால் புரட்டினால் இந்தக் 'கண்டும் காணாமல்' அவ்வளவு அழகாக இல்லை. 1578-இல் கண்டிப்பான கால்வின் மதத்தினர் கைக்கு ஆம்ஸ்டர்டாம் நகரம் வந்தது. தொழிலை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். தடை வந்ததும் தொழில் நின்றதா? இல்லை. நம் ஊரில் அந்தக் காலத்துக் கொத்தவாலைப் போல அங்கே ஓர் அதிகாரி உண்டு. அவருக்குச் சம்பளத்தைவிட அபராதத்தில் கிடைத்ததுதான் அதிகம். அவருடைய ஆட்கள் எல்லா வீட்டிலும் நுழையமாட்டார்கள். கல்யாணமான பணக்காரர் உள்ளே போயிருக்கிறாரா என்று பார்த்து நுழைவார்கள். கல்யாணமானவர் பரஸ்திரீயிடம் போவது அப்போது பெரிய குற்றம். வழக்கு, மானக்கேடு எல்லாவற்றுக்கும் பதிலாக அந்த இடத்திலேயே ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம். பல சமயம் வீட்டுக்காரியே தகவல் கொடுத்துப் பங்கு வாங்கிக்கொள்வாள்.

பணம் கொடுக்க முடியாத பெண்கள் எங்கே போனார்கள்? 'ஸ்பின்ஹௌஸ்' என்று ஒன்று இருந்தது. நூற்பு வீடு. 1597-இல் ஏற்பட்ட பெண்கள் சிறை. நூல் நூற்கவும் தைக்கவும் வைத்து அவர்களைத் திருத்துவதாக ஏற்பாடு. சகோதரிகளே, அடுத்த விஷயத்தைக் கேளுங்கள். அந்தச் சிறைக்கு வாசலில் காசு கொடுத்தால், யார் வேண்டுமானாலும் உள்ளே போய் அந்தப் பெண்களை வேடிக்கை பார்க்கலாம்! வெளிநாட்டிலிருந்து வரும் கனவான்கள், ஊரில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக அதையும் எழுதி வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காமிரா இல்லாத காலம்; அது ஒன்றுதான் குறை.

நானூறு வருஷம் கழித்து என்ன மாறியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? சில வருஷங்களுக்கு முன்பு வரை டி வாலென் சந்துகளில் கொடி பிடித்த வழிகாட்டிகள் முப்பது நாற்பது பேரை அழைத்துக்கொண்டு போனார்கள். சந்தோ குறுகல். ஜன்னல் முன்னால் கூட்டம் தேங்கி நின்று சிரிக்கும், கை காட்டும். வாங்க வருகிறவன் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவான். பார்க்க வந்தவனோ ஒரு காசு கொடுப்பதில்லை. வாடகையோ தினமும் கொடுத்தாக வேண்டும். 2018-இல் நகராட்சி ஒரு விதி போட்டது. ஒரு கோஷ்டியில் இருபது பேருக்கு மேல் கூடாது. வழிகாட்டி பேசும்போது எல்லாரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்! கற்பனை செய்து பாருங்கள். பணம் கட்டி, விமானம் ஏறி வந்து, இருபது பேர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற காட்சியை! விதி பலிக்கவில்லை. 2020-இல் ஜன்னல்களைக் கடந்து போகும் சுற்றுலாக்களையே தடுத்துவிட்டார்கள். மாமியின் கோஷ்டித் தலைவர் சர்ச் இருக்கிற திசையைக் கையால் காட்டிவிட்டுத் தான் வராமல் நின்றுகொண்டதன் ரகசியம் இப்போது புரிகிறது. அதை அவர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

தொழிலைச் சட்டபூர்வமாக்கியதும் பெண்களுக்கு விமோசனம் வந்துவிட்டதா என்று கேட்டால், அரை பதில்தான் சொல்ல முடியும். உரிமங்கள் வந்தன, சோதனை வந்தது, புகார் செய்ய வழி வந்தது. 2013-இல் ஆம்ஸ்டர்டாமில் குறைந்தபட்ச வயதைப் பதினெட்டிலிருந்து இருபத்தொன்றாக உயர்த்தினார்கள். ஆனால் ஐரோப்பிய யூனியனைச் சேராத பெண்ணுக்கு இந்தத் தொழிலுக்கென்று வேலை அனுமதி கொடுப்பதில்லை. அவள் ஜன்னலில் உட்கார முடியாது. எங்கே போவாள்? ஜன்னல் இல்லாத இடத்துக்கு, யாரும் சோதனை போடாத இடத்துக்குப் போவாள். கடத்தி வரப்பட்டவர்கள் கூட்டத்தில் கலந்திருக்கிறார்கள் என்று சொல்லி, 2007 முதல் நகராட்சி நூற்றுக்கு மேற்பட்ட ஜன்னல்களை மூடிற்று. மூடிய ஜன்னல்களில் சிலவற்றில் அழகு அழகான ஆடைக் கடைகள் வந்தன. மூடிய ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் எங்கே போனாள் என்று கேட்டவர்கள், பக்கத்து ஜன்னலில் இருந்தவர்கள்தான்.

பக்கத்து நாட்டுக்கு வாருங்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் ஹெர்பர்ட் ஸ்ட்ராஸே என்று ஒரு சின்னத் தெரு. இரண்டு முனையிலும் இரும்புத் தட்டி. 1933-இல் நாஜிகள் வைத்தது. தெருவை ஒழிக்க மனமில்லை; பார்க்கவும் பிடிக்கவில்லை; தட்டி வைத்து மறைத்துவிட்டார்கள்! தட்டியில் ஒரு பலகை: பதினெட்டு வயதாகாதவர்களும் பெண்களும் உள்ளே வரக்கூடாது. சிறுவர்களை விடுங்கள். பெண்கள் ஏன் போகக்கூடாது? அது பொதுத் தெரு. பெண்ணை மட்டும் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. இருந்தாலும் நுழைந்தால் உள்ளே இருப்பவர்கள் வசை பாடுவார்கள், தண்ணீரை ஊற்றுவார்கள். 2019-இல் மார்ச் 8, மகளிர் தினத்தன்று சில பெண் போராட்டக்காரர்கள் வந்து தட்டியைக் கழற்றி எறிந்தார்கள். அவர்கள் மேல் கோபம் கொண்டவர்களில் முதல் ஆட்கள் உள்ளே தொழில் செய்யும் பெண்களே. வேடிக்கை பார்க்க வரும் பெண்ணின் பார்வை, வாங்க வரும் ஆணின் பார்வையைவிட அவர்களைச் சுடுகிறது போலும். இது என் ஊகம்தான்.

நார்வேக்காரர்கள் பாடு இன்னும் சிக்கல். 2009 முதல் அந்த நாட்டில் வாங்குகிறவன்தான் குற்றவாளி, விற்கிறவள் அல்ல. (இந்த வழியை முதலில் காட்டியது ஸ்வீடன், 1999-இல்.) அந்தச் சட்டம் நார்வேக்காரன் எந்த ஊருக்குப் போனாலும் அவன் கூடவே போகிறது! டி வாலெனில் ஒரே கதவுக்குள் ஒரு ஜெர்மானியன் போனால் வாடிக்கையாளர். நார்வேக்காரன் போனால் குற்றவாளி. அங்கே போய் அவனை யார் பிடிப்பது என்று கேட்காதீர்கள்.

கிழக்கே ஜப்பானில் கதை நேர் எதிர். ஒரு பொருத்தத்தைக் கவனியுங்கள். நம் பாராளுமன்றமும் ஜப்பானியப் பாராளுமன்றமும் ஒரே வருஷத்தில், 1956-இல், இதற்கென்று சட்டம் செய்தன. இரண்டும் 1958-இல் முழுமையாக அமலுக்கு வந்தன. டோக்கியோவில் முந்நூறு வருஷத்துக்கு மேல் நடந்த யோஷிவாரா பேட்டை அந்த வருஷம் விளக்கை அணைத்தது. விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று ஜப்பானியச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதற்குத் தண்டனை என்ன என்று தேடினால் காணோம்! தெருவில் நின்று அழைத்தால் தண்டனை. இடம் கொடுத்தால், தரகு செய்தால் தண்டனை. போதாதற்கு, குற்றம் எது என்பதைச் சட்டம் மிகக் குறுக்கி வரையறுத்துவிட்டது. அந்த வரையறைக்கு ஓர் அங்குலம் வெளியே நின்றுகொண்டு ஆயிரக்கணக்கான கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. குளிக்கும் விடுதிகள் என்று சொல்லி நடந்த சிலவற்றுக்குத் 'துருக்கிக் குளியல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். துருக்கி வாலிபர் ஒருவர் மனம் நொந்து கிளர்ச்சி செய்ததன் பேரில் 1984-இல் 'சோப்லாண்ட்' என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மட்டும் மாறிற்று.

ஒஸாகாவில் டோபிடா என்ற பேட்டை. வரிசையாக மர வீடுகள். ஒவ்வொன்றும் உணவு விடுதி என்று பதிவாகியிருக்கிறது. வாசலில் ஒரு வயதான அம்மாள் அழைக்கிறாள். உள்ளே விளக்கொளியில் ஒரு பெண். சட்டத்தின் கண்ணுக்கு அங்கே நடப்பது என்னவென்றால், சாப்பிட வந்த ஒருவருக்கும் பரிமாற வந்த ஒருத்திக்கும் கண நேரத்தில் காதல் பிறந்துவிடுகிறது! தினமும், வீட்டுக்கு வீடு. 2019-இல் ஜி-20 மாநாட்டுக்கு உலகத் தலைவர்கள் ஒஸாகா வந்தபோது மட்டும் பேட்டை முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டது. தலைவர்கள் விமானம் ஏறியதும் காதல் மறுபடி பிறந்தது.

இதில் சிரிக்க முடியாத பகுதி டோக்கியோவில் இருக்கிறது. கபுகிசோ என்ற கேளிக்கைப் பேட்டையை அடுத்து ஓகுபோ பூங்கா. மாலையானால் அதன் ஓரத்தில் இளம் பெண்கள் இடைவெளி விட்டு நிற்கிறார்கள். பலர் கடனாளிகள். அலங்காரமாக உடுத்திய வாலிபர்கள் பெண்களுக்கு மது ஊற்றிக் கொடுத்துச் சிங்காரமாகப் பேசும் 'ஹோஸ்ட் கிளப்'புகள் அங்கே உண்டு. "அப்புறம் கொடுக்கலாம்" என்று கணக்கில் ஏற்றி ஏற்றி, கட்ட முடியாத தொகை ஆனதும் பூங்காவுக்கு வழி காட்டுவார்கள். 2023-இல் மட்டும் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களைப் போலீஸார் கைது செய்தார்கள். தெருவில் நின்று அழைத்த குற்றம். காரில் வந்து, விலை பேசி, அழைத்துப் போன ஆண்கள்? அவர்களில் வெளிநாட்டுப் பிரயாணிகளும் உண்டு. அவர்களுக்குச் சட்டத்தில் தண்டனையே எழுதவில்லை. ஆகையால் வீட்டுக்குப் போனார்கள். காதலைக் காட்டிக் கடன் ஏற்றும் கிளப்புகளைக் கட்டுப்படுத்த 2025-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்குகிறவனையும் தண்டிப்பதா என்ற கேள்வி அந்த வருஷக் கடைசியில் அவர்கள் பாராளுமன்றத்தில் எழுந்தது. 1956-இல் எழுந்திருக்க வேண்டிய கேள்வி!

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம் நம் உச்ச நீதிமன்றம் இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களைப் போலீஸார் கௌரவமாக நடத்த வேண்டும் என்றும், அவர்கள் அடையாளம் தெரியும்படி பத்திரிகைகள் படம் போடக்கூடாது என்றும் உத்தரவிட்டது. இந்தக் கட்டுரைக்கு நாங்கள் புகைப்படம் சேர்க்காமல் சர்ச்சின் சித்திரத்தோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆம்ஸ்டர்டாமின் முதல் பெண் மேயர் ஃபெம்கே ஹால்செமா 2018-இல் பதவிக்கு வந்தவர். வேடிக்கை பார்க்கப்படும் அவமானத்திலிருந்து அந்தப் பெண்களை மீட்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஊருக்குத் தெற்கே நூறு அறைகள் கொண்ட ஒரு கட்டடத்தை எழுப்பி, ஜன்னல்காரர்களில் ஒரு பகுதியினரை அங்கே மாற்றுவது அவர் திட்டம். 2023 டிசம்பரில் இடத்தையும் குறித்தார்கள். பக்கத்தில் இருக்கும் ஐரோப்பிய மருந்து நிறுவனம் "எங்கள் அலுவலர்கள் இருட்டில் போக வர வேண்டாமா?" என்று ஆட்சேபித்தது. அக்கம்பக்கத்துக் குடும்பஸ்தர்களும் எதிர்த்தார்கள். எல்லாரையும்விட உரக்க எதிர்த்தவர்கள், யாரை மீட்கப் போகிறார்களோ அந்தப் பெண்களே! அந்த வருஷம் மார்ச் மாதம் முகமூடி அணிந்துகொண்டு நகர மன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். தெருவில் நடமாட்டம் இருப்பதுதான் தங்களுக்குப் பாதுகாப்பு, கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதற்குத் தங்களை ஏன் நாடு கடத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். முகமூடி ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

இதையெல்லாம் மாமியிடம் போய்ச் சொன்னேன். முதலில் "சிவ சிவா" என்றார். முகமூடி ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னபோது பேசாமல் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் போன்.

"ஏம்மா, அந்தப் படத்தை அழிக்கணும். எப்படின்னு சொல்லு."

வாங்கிப் பார்த்தேன். கல் தூண், கண்ணாடி, சிவப்பு விளக்கு. மங்கலாக இருந்தாலும் பெண்ணின் முகம் தெரிந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். படத்தை அழித்துக் கொடுத்தேன்.

"போயிடுத்தா?"

"இதிலேர்ந்து போயிடுத்து, மாமி. யாருக்காவது அனுப்பினேளா?"

மாமி முகம் சுண்டிப் போயிற்று. 'நம் குடும்பம்' என்று ஒரு வாட்ஸப் கூட்டம், நாற்பத்திரண்டு பேர். அன்று ராத்திரி ஹோட்டலிலிருந்தே, "நான் பொம்மைன்னு நினைச்சேன்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார். பதினாறு பேர் சிரித்திருந்தார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதால் எல்லாருக்குமாகச் சேர்த்து அழிக்க வழியில்லை.

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஹூஸ்டனில் இருக்கும் அக்கா பேத்திக்கு முதல் போனைப் போட்டார்.